வலப்பக்க இருக்கை

ஆடெனாவ்
23 மார்ச் 1997

அன்புள்ள வோல்கர் அண்ணா,

நீயும் கப்பலும் கடலும் சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறீர்களா? இங்கே பனி இன்னும் முழுசாக இறங்கவில்லை. எனக்கு விடாத சளி. மாட்டு டாக்டரிடம் உதவியாளராக இருப்பதில் ஒரு வசதி, மருந்து லிட்டர் கணக்கில் கிடைக்கும்.

சேதி என்னவென்றால், கார் வாங்கிவிட்டேன். கரும்பச்சை கோல்ஃப், எட்டு வயது, இரண்டு கை மாறியது. ஞாயிறு சாயங்காலம் ரிங் பந்தயப் பாதையில் பொதுமக்களை விடுகிறார்களே, அங்கே டிக்கெட் எடுத்து ஓட்டிப் பார்த்தேன். கருசெல் வளைவின் கான்கிரீட்டில் வண்டி உதறிய உதறலில், பல்லெல்லாம் இருக்கிறதா என்று நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

டயர்க் கடை ஹார்ட்முட் ஒரே பாட்டுப் பாடுகிறான். "ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை எறக்கு அன்கே. அப்புறம் பாரு, அட்டை மாதிரி ஒட்டிக்கும்." எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற எனக்கு வசதியில்லை. ஒவ்வொன்றாகத்தான் செய்ய முடியும். எது முதலில், எது அப்புறம்? பதினைந்து வருடம் பந்தய வண்டி அமைப்பதே பிழைப்பாக இருந்தவன் நீ, சொல்.

ஒரே ஒரு நிபந்தனை. ரிங்கில் தரையோடு ஒட்ட வேண்டும், ஆனால் ரோட்டில் உள்ளே இருப்பவரைக் குலுக்கக் கூடாது. வாரத்தில் ஆறு நாள் இது ரோட்டில்தான் ஓடும்.

சீக்கிரம் எழுது. என்னால் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

தங்கை,
அன்கே


சாண்டோஸ் துறைமுகம்
21 ஏப்ரல் 1997

அன்புள்ள அன்கே,

உன் கடிதம் என்னை இரண்டு துறைமுகம் துரத்திக்கொண்டு வந்தது. நான் நலம். இயந்திர அறையில் நாற்பத்தைந்து டிகிரி, வியர்வையில் உடம்பு உப்புக்கண்டம் ஆகிவிட்டது. உன் சளி போயிற்றா?

முப்பத்து மூன்று வயதில் ரிங்குக்குப் போகிறாளாம்! நான் ஓட்டிய காலத்தில் "இவனுக்கு மறை கழண்டுடுச்சு" என்று ஊரெல்லாம் சொன்னவள் நீதானே?

ஹார்ட்முட்டுக்கு டயர் தெரியும், மற்றதெல்லாம் வாய். ஸ்பிரிங்கை வெட்டினால் வண்டி இறங்கும், வாஸ்தவம். அப்புறம் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் மேலே ஏற இடமில்லாமல் முட்டும். ரிங்கும் போச்சு, ரோடும் போச்சு.

முதலில் நல்ல டயர். தரையைத் தொடுவது அது ஒன்றுதான். கூடவே பிரேக் பேடும் எண்ணெயும். நிற்கத் தெரியாத வண்டிக்கு மற்றதெல்லாம் எதற்கு? பிறகு வண்டிக்கு அடியில் படுத்து மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்களைப் பார். எட்டு வருடத்து ரப்பர் காய்ந்த ரொட்டி மாதிரி இருக்கும். அதே மாதிரி ரப்பரையே புதிதாகப் போடு. கடினமானது வேண்டாம், ரோட்டில் உயிரை வாங்கும். அதன் பிறகு வீல் அலைன்மென்ட். இவ்வளவும் ஆன பிறகுதான் ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங் எல்லாவற்றுக்கும் கடைசி. பாதிப் பேர் கடைசியிலிருந்து தொடங்கி, கையைச் சுட்டுக்கொண்டு, பாதியில் காரை விற்கிறார்கள்.

ஊரில் எல்லோரும் சௌக்கியமா? எல்லோரும் என்றால் எல்லோரும்தான்.

அண்ணன்,
வோல்கர்


ஆடெனாவ்
11 மே 1997

அன்புள்ள அண்ணா,

சளி போய்விட்டது. உன் உப்புக்கண்டம் எப்படி இருக்கிறது? ஊரில் ஹார்ட்முட் சௌக்கியம். டாக்டர் சௌக்கியம். டாக்டரின் மாடுகளும் சௌக்கியம்.

டயர், பிரேக், ரப்பர் மூன்றும் முடிந்தது. கழற்றிப் போட்ட பழைய ரப்பரைப் பார்த்து ஹார்ட்முட்டே வாயைப் பொத்திக்கொண்டான். "உங்க அண்ணன் கடல்ல கெடந்தாலும் மூளை இங்கதான் கெடக்கு" என்றான். இப்போது ஸ்டியரிங் சொன்னபடி கேட்கிறது. ஞாயிறன்று நான்கு சுற்று. மேட்டில் ஏறி மறுபக்கம் விழுகிற இடத்தில் முன்பெல்லாம் வண்டி எங்கே போகிறதென்று தெரியாது, கண்ணை மூடிக்கொள்வேன். இப்போது ஒரு கண்ணைத்தான் மூடுகிறேன்.

ஆனால் ரோட்டில் இன்னும் தூக்கிப் போடுகிறது. ஆல்டெனாரைத் தாண்டி பான் நகரத்துக்குப் போகிற வழியில் ஒட்டுப் போட்ட தார் இருக்கிறதே, அங்கே ஒவ்வொரு ஒட்டும் நேராக இருக்கைக்குள் வருகிறது. ஸ்டியரிங் இல்லாத வலப்பக்கம் முந்தைய சொந்தக்காரர் பந்தய இருக்கை மாட்டியிருந்தார். அதைக் கழற்றிவிட்டுப் பழைய மெத்தை இருக்கையையே தேடிப் போட்டேன். அப்படியும் போதவில்லை. மெதுவாகப் போனால் குலுக்கல் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை, நீளமாகத்தான் ஆகிறது.

ஷாக் அப்சார்பரில் எது மென்மையானது? உடனே எழுது. அடுத்த துறைமுகம் வரை காத்திருக்காதே.

அன்கே


ரியோ கிராண்டே
2 ஜூன் 1997
(தபால் அட்டை)

அன்கே, நலம். நலம்தானே?

மென்மையானது வேறு, நல்லது வேறு. மென்மையானதைப் போட்டால் பள்ளத்தில் விழுந்த வண்டி மூன்று தடவை ஆடும். நல்லது ஒரே தடவையில் அடக்கும். அவசரப்படாதே, முதலில் அலைன்மென்ட்.

மாட்டு டாக்டருக்கு பானில் என்ன வேலை? அரசாங்கம் நடக்கிற ஊரில் மாடே கிடையாதே, மந்திரிகள்தானே இருக்கிறார்கள்?

வோல்கர்


ஆடெனாவ்
22 ஜூன் 1997

அன்புள்ள அண்ணா,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? நான் நன்றாக இருக்கிறேன். தூக்கம் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

அலைன்மென்ட் செய்தாகிவிட்டது. வண்டி நேராகப் போகிறது. நான்தான் நேராகப் போவதில்லை. போன ஞாயிறு ஆறு சுற்று. ஐந்தாவதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆறாவதில் புருன்ஷன் இறக்கத்தில் வண்டியின் பின்பக்கம் சறுக்கி என்னை முந்திக்கொண்டு வந்தது. வேலியருகே பிக்னிக் கும்பல் எழுந்து நின்றுவிட்டது. எப்படித் திருப்பினேன், தெரியவில்லை. அப்படியும் ஏழாவது டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றேன். ஹார்ட்முட் வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "யார் மேல கோவம் உனக்கு? ரோட்டு மேலயா?" என்றான்.

இரண்டு கேள்வி. டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால் ரோட்டில் மெத்தென்று இருக்குமா? இரண்டாவது, வலது முன்பக்கம் ஒன்றை மட்டும் மென்மையாக்க முடியுமா? மற்ற மூன்றும் எப்படியோ இருக்கட்டும்.

பான் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அன்கே


மொன்டெவிடியோ
14 ஜூலை 1997

அன்கே,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் விசாரிக்கிறேன்: நன்றாக இருக்கிறாயா? நிஜமாகவே?

காற்றைக் குறைக்காதே. டயர் சூடாகிக் கிழியும், அதுவும் நீ ஓட்டுகிற லட்சணத்துக்கு. ஒரு மூலையை மட்டும் மென்மையாக்கவும் கூடாது. பிரேக் பிடித்தால் அந்தப் பக்கம் முழங்காலை மடித்து விழும். பதினைந்து வருடத்தில் நூறு பேருக்கு வண்டி அமைத்துக் கொடுத்திருக்கிறேன். வலது முன்பக்கம் மட்டும் என்று ஒருவனும் கேட்டதில்லை. அது ஓட்டுகிறவன் உட்காருகிற இடமில்லை. அங்கே யாரையோ உட்கார வைத்து பானுக்குக் கூட்டிப் போகிறாய். யார்? முதுகுவலிக்காரக் காதலனா? அப்படியானால் சிரித்துவிட்டுப் போகிறேன். ஆனால் காதலன் இருக்கிறவள் ஏழாவது டிக்கெட்டுக்கு நிற்க மாட்டாள்.

கேட்டதற்குப் பதில் இதோ. ஹார்ட்முட் கடைப் பரணில் என்னுடைய பழைய ஷாக் அப்சார்பர் நான்கும் இருக்கின்றன. உன் வண்டிக்குச் சரியாகப் பொருந்தும். தலையில் ஒரு திருகு உண்டு. தளர்த்தினால் ரோட்டுக்கு, இறுக்கினால் ரிங்குக்கு. வண்டிச் சோதனையில் காட்டுவதற்கான தாளும் அதோடு கட்டி வைத்திருக்கும். உனக்குச் செலவு மாட்டுகிற கூலி மட்டும்தான். ஸ்பிரிங்கைத் தொடாதே.

யாரென்று எழுது.

வோல்கர்


ஆடெனாவ்
3 ஆகஸ்ட் 1997

அன்புள்ள அண்ணா,

கோபம் தணிந்ததா? உணவு இறங்குகிறதா? நான் நலம்.

ஷாக் அப்சார்பர் நான்கையும் மாட்டியாகிவிட்டது. அண்ணா, இது வேறு வண்டி. பள்ளத்தில் இறங்குகிறது, ஏறுகிறது, முடிந்தது. ஆட்டமில்லை. செவ்வாய்க்கிழமை திருகை முழுக்கத் தளர்த்திக்கொண்டு பானுக்குப் போனோம். இத்தனை மாதமும் அவர் கதவுப் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு வருவார். விரல் வெளுத்திருக்கும். அன்று பாதி வழியில் ஒரு கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன். சந்தோஷத்தில் கால் தானாக அழுத்திவிட்டது போலிருக்கிறது, வளைவில் கொஞ்சம் வேகமாகத் திரும்பிவிட்டேன். உடனே குரல் வந்தது: "அம்மா தாயே, வலப்பக்கம் நானும் ஒருத்தி இருக்கேன்!" இருவரும் சிரித்தோம். சிரித்தால் அவருக்கு விலா வலிக்கும். ஆனாலும் சிரித்தார்.

உனக்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். வேறொன்றும் கேட்காதே, அண்ணா. நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்கே


சாண்டோஸ்
25 ஆகஸ்ட் 1997

அன்கே,

நான் நலம். அதை விடு.

"வலப்பக்கம் நானும் ஒருத்தி இருக்கேன்." இந்த வாக்கியத்தைச் சொல்லுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான். எட்டு வருடக் குடித்தனத்தில் என் வலக் காதில் அது தழும்பாகவே ஆகிவிட்டது.

ரோஸ்விதாவுக்கு என்ன?

வோல்கர்


ஆடெனாவ்
10 செப்டம்பர் 1997

அன்புள்ள அண்ணா,

உட்கார்ந்து படி. பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது.

அண்ணிக்கு எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய். ஜனவரியில் தெரிந்தது. முதுகெலும்பில் இரண்டு இடத்தில் அரித்திருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் பானில் சிகிச்சை. இன்சூரன்ஸில் டாக்சி அனுப்பினார்கள். அந்த டிரைவர் ஒவ்வொரு பள்ளத்துக்கும் "மன்னிச்சுக்கங்கம்மா" என்றாராம். "மன்னிப்பு கேக்கற நேரத்துக்கு பிரேக்கை மிதிச்சிருக்கலாமே" என்று பாதி வழியில் இறங்கி, பூத்திலிருந்து எனக்கு ஃபோன் செய்தார். மாட்டு டாக்டரின் ஜீப்பில் போய்க் கூட்டி வந்தேன். வீடு வந்து சேருவதற்குள் உதட்டைக் கடித்துக் கடித்து ரத்தம். மறுநாளே கார் தேட ஆரம்பித்தேன். கோல்ஃபை வாங்கியதே அவருக்காகத்தான். ரிங் அப்புறம் வந்தது. வாரத்தில் இரண்டு நாள் மூச்சை அடக்கிக்கொண்டு ஓட்டுகிறேன் அண்ணா, ஒரு கல்லில் ஏறினால் அவர் எலும்பு முறியுமோ என்று. அந்த மூச்சை எங்கேயாவது விட வேண்டியிருந்தது.

உனக்கு எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். "பரிதாபப்பட்டு வந்து நிப்பான். எனக்கு வலியே போதும், அவன் மூஞ்சியையும் பார்க்கணுமா?" என்றார். நீங்கள் பிரிந்து ஐந்து வருடமாகியும் நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். ஒரு தடவைகூட அவர் என்னைத் திருத்தவில்லை.

உன் கடிதத்தை நேற்று அவரிடமே காட்டிவிட்டேன். படித்தார். மடித்துக் கொடுத்தார். "தழும்பாம்ல" என்றார். பிளம்ஸ் கேக் ஒரு துண்டு கேட்டுச் சாப்பிட்டார்.

உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்கே


ராட்டர்டாம்
9 அக்டோபர் 1997

அன்புள்ள அன்கே,

நலமா? அவள் எப்படி இருக்கிறாள்?

ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்க மாட்டேன். மூன்று வாரமாக அட்லாண்டிக்கின் நடுவில், எங்கேயும் இறங்க முடியாமல், இயந்திர அறைக்கும் மேல்தளத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு நட்டையும் விடவில்லை, முறுக்கினதையே திரும்ப முறுக்கினேன். சீஃப் இன்ஜினியர் கூப்பிட்டு, "என்னய்யா, யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார். "பொண்டாட்டிக்கு" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் அதை அப்படியே ரெஜிஸ்டரில் எழுதி விடுப்புக் கொடுத்துவிட்டார்.

ஹாம்பர்கில் இறங்குகிறேன். மாலுமிகள் விடுதியில் தங்குவேன். அவள் வேண்டாமென்றால் ஊருக்கு வர மாட்டேன். வரச் சொன்னால் அன்றே ரயில் ஏறுவேன். கேட்டுச் சொல். வந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை. வண்டியைப் பற்றியென்றால் நாள் முழுக்கப் பேசுவேன்.

வோல்கர்


ஆடெனாவ்
17 அக்டோபர் 1997

வோல்கருக்கு ரோஸ்விதா எழுதுவது.

நீ நலம் என்று நம்புகிறேன். என் நலத்தை விசாரிக்காதே. ஊரே அதைத்தான் விசாரிக்கிறது, அலுத்துவிட்டது.

உன் தங்கையைப் பற்றித்தான் கவலை. கண்ணுக்குக் கீழே கறுத்துப் போய்விட்டாள். கரண்டியைப் பிடித்தால் தட்டில் தாளம் போடுகிறது. போன ஞாயிறு ரிங்கில் இடப்பக்கக் கதவை வேலியில் தேய்த்துக்கொண்டு வந்து நிற்கிறாள். கேட்டால், "பூனை கீறிடுச்சு அண்ணி" என்கிறாள். மூன்று வாரம் நோர்டெர்னை தீவுக்கு அவளை அனுப்புகிறேன். வர மாட்டேன் என்று அழுதாள். டிக்கெட்டை வாங்கிவிட்டேன்.

ஆகவே செவ்வாயும் வெள்ளியும் எனக்கு ஆள் தேவை. டிரைவர் வேலைக்குத்தான் கூப்பிடுகிறேன், புருஷன் வேலைக்கு அல்ல. பரிதாபம் கூடாது, பழங்கதை கூடாது. தலைமுடியைப் பற்றி ஒரு வார்த்தையும் கூடாது. சம்மதமானால் ஹார்ட்முட் வீட்டில் தங்கிக்கொள். காலை ஏழு மணிக்கு வாசலில் இரு.

ரோஸ்விதா


ஆடெனாவ்
15 நவம்பர் 1997

அன்புள்ள அன்கே,

கடற்காற்று எப்படி? கை நடுக்கம் நின்றதா? தூங்குகிறாயா? இன்னும் ஒரு வாரம் அங்கேயே இரு. டாக்டரிடம் நான் பேசிவிட்டேன், மாடுகள் காத்திருக்குமாம். கார்க் கதவையும் தட்டி நிமிர்த்திவிட்டேன்.

முதல் செவ்வாயன்று, அவள் கதவைத் திறந்தபோது, ரயிலில் மனப்பாடம் செய்து வந்த ஒன்றும் வாயில் வரவில்லை. கறுப்புக் கம்பளித் தொப்பி. பாதி உடம்புதான் இருக்கிறது. "எளைச்சுட்ட" என்றேன். "நீ தடிச்சுட்ட. கணக்கு சரியாப் போச்சு. காரை எடு" என்றாள்.

என்ன ஓட்டு ஓட்டினேன் தெரியுமா? முதன்முதலில் லைசென்ஸ் எடுக்கப் போனவன்கூட அவ்வளவு மோசமாக ஓட்டியிருக்க மாட்டான். திருகு தளர்ந்துதான் இருந்தது. என் கால்தான் இறுகியிருந்தது. ஆல்டெனாரில் அவள், "ஷாக் அப்சார்பர்லாம் சரியாத்தான் இருக்கு. ஓட்டறவனுக்கு ஒண்ணு மாட்டணும்" என்றாள். அதன் பிறகு கொஞ்சம் சுமாராக ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் நான் யாரென்று கேட்டாள். ரோஸி முந்திக்கொண்டு, "டிரைவர்" என்றாள். மூன்று மணி நேரம் கார் நிறுத்துமிடத்தில் குளிரில் இருந்தேன். அடுத்த முறையும் அப்படித்தான். மூன்றாவது முறை நர்ஸ் வெளியே வந்து, "டிரைவருக்கும் காபி குடுங்கன்னு அந்தம்மா சொன்னாங்க" என்று என்னை உள்ளே கூட்டிப் போனாள். ரோஸியின் கையில் மருந்து ஏறுவதை முதல் தடவை பார்த்தேன். காபியோடு ஓரமாக உட்கார்ந்தேன். அவள் போகச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கோடைக்காலத்தைவிட இப்போது மஜ்ஜை தேவலை. ஜனவரியில் அவளுடைய மஜ்ஜை அணுக்களையே எடுத்துத் திருப்பி ஏற்றுவார்கள். அது பிடித்தால் சில வருடங்கள் கிடைக்கும். எத்தனை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கப்பல் கம்பெனிக்கு எழுதிவிட்டேன், இனி வர மாட்டேன் என்று. அவளிடம் இன்னும் சொல்லவில்லை. திட்டுவாள்.

நேற்று வெள்ளிக்கிழமை. திரும்பி வரும்போது நாலரைக்கே இருட்டிவிட்டது, லேசான மழை. இரவெல்லாம் படுக்கையில் புரள்கிறேன், தூக்க மாத்திரை போட்டும் தூக்கம் வருவதில்லை என்று அவள் நர்ஸிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. ஆல்டெனார் தாண்டியதும் வலப்பக்கம் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தேன். தூங்கிக்கொண்டிருந்தாள். தொப்பி ஒரு பக்கம் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம்.

ஆடெனாவ் வந்தது. அவள் தெரு வந்தது. நிறுத்தினால் விழித்துவிடுவாள். நிறுத்தவில்லை. வாசல் விளக்கைக் கடந்து அப்படியே மேட்டில் ஏறிவிட்டேன். கெல்பெர்க் போயிற்று. எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஒரே சீராக, அறுபதில், பள்ளம் எங்கே ஒட்டு எங்கே என்று மழையில் உற்றுப் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். உல்மெனில் சிவப்பு விளக்கு. நின்றேன். கண்ணைத் திறந்தாள்.

"வீடு தாண்டிடுச்சா?"

"எப்பவோ."

சரிந்த தொப்பியை நேராக்கிக்கொண்டு, கண்ணாடியில் ஓடுகிற மழையைப் பார்த்தாள்.

"பெட்ரோல் இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன, பச்சை விழுந்துடுச்சு. போ."

அண்ணன்,
வோல்கர்